பெப்ரவரி, மார்ச்சில் மலையக நீரோரங்களில் புலம்பெயர் பறவைகள்: மாணவர்களை எங்கே அழைத்துச் செல்லலாம்?

தோட்டப் பாடசாலை ஆசிரியை

அனைவருக்கும் வணக்கம். தலவாக்கலைக்கு அண்மையில் உள்ள தோட்டப் பாடசாலை ஒன்றில் விஞ்ஞானம் கற்பிக்கிறேன். வடக்கிலிருந்து வந்து இங்கே தங்கியிருக்கும் பறவைகள் பெப்ரவரி கடைசியிலும் மார்ச்சிலும் திரும்பிப் போக ஆயத்தமாவதை நேரில் பார்க்க வேண்டும் என்று எங்கள் சுற்றாடல் கழகத்தின் எட்டாம், ஒன்பதாம் தர மாணவர்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். ஈரநிலம் என்றால் பூந்தலையும் மன்னாரும்தான் என்ற எண்ணத்தையே எங்கள் கையிலுள்ள படங்களும் குறிப்புகளும் தருகின்றன. அங்கெல்லாம் பிள்ளைகளை அழைத்துச் செல்லும் வசதி எங்களுக்கு இல்லை. காலையில் பஸ்ஸில் புறப்பட்டு மாலைக்குள் வீடு திரும்பக்கூடிய தூரத்தில், மலையகத்துக்குள்ளேயே இதைப் பார்க்க முடியுமா? கிரகரி வாவி, கல்வேஸ்லேண்ட், ஹோர்டன் சமவெளி ஆகிய மூன்றில் எதைத் தெரிவு செய்வது என்று அனுபவமுள்ளவர்கள் கூற வேண்டுகிறேன். எங்களிடம் பைனாகுலர் இரண்டுதான் இருக்கின்றன.

வங்காலைக் கரை

ஆசிரியை அவர்களுக்கு வணக்கம். உங்கள் முயற்சியைப் பாராட்டுகிறேன். ஆனாலும் உள்ளதைச் சொல்லிவிட வேண்டும். மலையகத்து நீர்த்தேக்கங்களில் பெரும்பாலானவை பள்ளத்தாக்கை மறித்துக் கட்டப்பட்டவை. கரை செங்குத்தாக இறங்கும், நீர் சட்டென்று ஆழமாகிவிடும். சேற்றைக் கிளறி இரை தேடும் பறவைக்கு அங்கே கால் வைக்க இடமில்லை. மன்னாரில் 2010ஆம் ஆண்டு ராம்சார் தலமாக, அதாவது சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக, அறிவிக்கப்பட்ட வங்காலைச் சரணாலயத்தில், தாழ்ந்த உவர்நீர்ப் பரப்பில் ஊசிவால் வாத்துகளும் நீலச்சிறகிகளும் மூக்கான்களும் கூட்டம் கூட்டமாக நிற்பதைப் பைனாகுலர் இல்லாமலே பார்க்கலாம். புலம்பெயர்வு என்றால் என்ன என்பதைப் பிள்ளைகளுக்கு ஒரே பார்வையில் உணர்த்துவது அந்தப் பெருந்திரள்தான் என்பது என் கருத்து. ஓராண்டு காத்திருந்து, உதவி திரட்டியாவது அவர்களை இங்கே அழைத்து வாருங்கள்.

பிதுருமலை அடிவாரம்

வங்காலை நண்பர் நீர்த்தேக்கங்களைப் பற்றிச் சொன்னது பெருமளவு சரி. கிரகரி வாவியின் நடுப்பரப்பைப் பார்த்துக்கொண்டு நின்றால் முக்குளிப்பானும் நீர்க்காகமும் தவிர அதிகம் எதுவும் தென்படாது. ஆனால் அதிலிருந்து அவர் எடுத்த முடிவை என்னால் ஏற்க முடியவில்லை. மலையகத்துக்கு வரும் விருந்தாளிகள் கூட்டமாக நிற்பவர்கள் அல்லர். இமயமலைக் காடுகளில் கூடு கட்டிவிட்டு, குளிர்காலத்தைக் கழிக்க இந்தக் குளிர்ந்த மேட்டு நிலத்தைத் தேடி வருபவர்கள். அவர்களை வங்காலையில் பார்க்க முடியாது.

காஷ்மீர் ஈப்பிடிப்பானை எடுத்துக்கொள்ளுங்கள். அது இனப்பெருக்கம் செய்வது இமயமலையின் வடமேற்கில், காஷ்மீரை அண்டிய காடுகளில், ஏறத்தாழ 1,800 முதல் 2,300 மீற்றர் வரையான உயரத்தில். குளிர்காலத்தில் அது தங்கும் இடங்களோ இலங்கையின் மலையகமும் தென்னிந்தியாவின் மேற்குத் தொடர்ச்சி மலையும்தான். நுவரெலியா 1,868 மீற்றரில் இருக்கிறது என்பதை அதனோடு சேர்த்துப் பாருங்கள். உலகில் எண்ணிக்கை குறைந்த, அழியும் ஆபத்துள்ள பட்டியலில் இடம்பெற்ற ஒரு பறவை, தன் வாழ்நாளில் பெரும்பகுதியை நம் வீட்டுப் பக்கத்தில் கழிக்கிறது. இதைவிடப் பெரிய பாடம் பிள்ளைகளுக்கு வேறென்ன வேண்டும்?

இனி இடத்தைப் பற்றி. நான் சொல்வது உங்கள் மூன்றில் அடங்காத நான்காவது இடம்: நுவரெலியா நகரின் நடுவே உள்ள விக்டோரியா பூங்கா. விக்டோரியா மகாராணியின் ஆட்சியின் வைரவிழாவையொட்டி 1897இல் அந்தப் பெயரைப் பெற்ற பூந்தோட்டம் அது. பூப்பாத்திகளைப் பார்க்க வருபவர்கள் கவனிக்காமல் கடந்துபோகும் ஓடை ஒன்று அதன் ஓரமாக ஓடுகிறது. ஓடையின் இரு கரைகளிலும் புதரும், ஈர இலைக்குப்பையும், மேலே வளைந்த மரக்கிளைகளும் இருக்கின்றன. கருவெள்ளைப் பூங்குருவி, ஆறுமணிக்குருவி, கொடிக்கால் வாலாட்டி, காஷ்மீர் ஈப்பிடிப்பான் ஆகியவற்றைத் தேடி வெளிநாட்டுப் பறவை ஆர்வலர்கள் வந்து நிற்பது அந்த ஓடைக்கரையில்தான். கருவெள்ளைப் பூங்குருவி ஆணின் உடல் கரியது, புருவக்கோடு வெள்ளை, அலகு மஞ்சள். பகலில் புதருக்குள் ஒளிந்து இலைகளைப் புரட்டிக்கொண்டிருக்கும் அது, பொழுது சாயும் வேளையில்தான் இரவு தங்கும் மரங்களை நோக்கி வெளியே வரும். எனவே மாலை பஸ் உங்களுக்கு எத்தனை மணிக்கு என்பதைப் பொறுத்தே அதைப் பார்ப்பதும் பார்க்காததும் அமையும்.

கல்வேஸ்லேண்டையும் விட்டுவிட வேண்டாம். 1938இல் சரணாலயமாகி, 2006இல் தேசியப் பூங்காவாகத் தரமுயர்த்தப்பட்ட அந்தக் காடு முப்பது ஹெக்டேயருக்கும் குறைவானது. நகரிலிருந்து மிக அருகில் இருக்கிறது. நம் நாட்டுக்கே உரிய மஞ்சட்காதுக் கொண்டைக்குருவியையும் மங்கல் நீல ஈப்பிடிப்பானையும் அங்கே பார்த்துவிட்டால், இங்கேயே பிறந்த பறவைக்கும் வந்து தங்கும் பறவைக்கும் உள்ள வேறுபாட்டைப் பிள்ளைகள் தாமாகவே விளங்கிக்கொள்வார்கள். ஹோர்டன் சமவெளியை இன்னொரு சமயத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். மகாவலி, களனி, வளவை ஆகிய மூன்று கங்கைகளுக்கும் நீர் தரும் பூமி அது என்பதால் ஒருநாள் கட்டாயம் போகத்தான் வேண்டும். ஆனால் அங்கு செல்லும் பாடசாலைக் குழுக்கள் உலக முடிவு எனப்படும் செங்குத்துப் பாறை விளிம்பை நோக்கி நடந்து திரும்புவதிலேயே நேரத்தைச் செலவழித்துவிடுகின்றன.

கந்தப்பளை மரக்கறித் தோட்டம்

நான் பறவை ஆராய்ச்சி செய்பவன் அல்லன். கரட்டும் லீக்ஸும் பயிரிடுகிறேன். எங்கள் பாத்திகளுக்குக் கீழே, ஊற்று கசிந்து எப்போதும் நொதநொதவென்று இருக்கும் ஒரு துண்டு நிலம் பயிருக்கு உதவாமல் கிடக்கிறது. காலையில் தண்ணீர்க் குழாயை இழுத்துக்கொண்டு அந்தப் பக்கம் போனால், காலடிக்கு மிக அருகிலிருந்து ஒரு பறவை கரகரவென்ற ஒற்றைக் குரலோடு எழும்பி, வளைந்து வளைந்து பறந்து, தூரத்தில் பொத்தென்று இறங்கும். எழும்பும்வரை அது அங்கே இருப்பது கண்ணுக்குத் தெரியாது. முதுகு முழுவதும் காய்ந்த புல்லின் நிறம். நீளவாக்கில் வெளிர்மஞ்சள் கோடுகள். அலகு, தலையைப் போல் இரண்டு மடங்கு நீளம். அது எழும்பிய இடத்தில் குனிந்து பார்த்தால் சேற்றில் பென்சில் முனை பட்டதுபோன்ற சிறு துளைகள் நெருக்கமாகத் தெரியும். சித்திரை வருடப்பிறப்புக்குப் பிறகு அந்தப் பறவையைக் காண முடிவதில்லை. இதுவும் வடக்கிலிருந்து வருவதுதானா? அப்படியானால், ஆசிரியை அவர்களே, பூங்காவுக்குப் போகாமலே உங்கள் தோட்டத்துக் கான் ஓரங்களிலும் தேடிப் பார்க்கலாம்.

பிதுருமலை அடிவாரம்

ஐயா, நீங்கள் ஆராய்ச்சியாளர் அல்லர் என்று சொன்னாலும் உங்கள் விவரிப்பில் குறை சொல்ல எதுவுமில்லை. நீங்கள் பார்ப்பது ஊசிவால் உள்ளானாகவே இருக்க வேண்டும்; இலங்கைக்குக் குளிர்காலத்தில் வரும் இவ்வகை உள்ளான்களில் அதுவே மிகுதி. சைபீரியா வரையான வடக்கு நிலங்களில் அது இனப்பெருக்கம் செய்கிறது. விசிறிவால் உள்ளானிடமிருந்து அதைப் பிரித்தறிவது எளிதன்று. பறக்கும்போது சிறகின் பின்விளிம்பைக் கவனியுங்கள். விசிறிவாலுக்கு அங்கே தெளிவான வெள்ளை விளிம்பு உண்டு; ஊசிவாலுக்கு இல்லை. கால்விரல்கள் வாலைக் கடந்து நீட்டிக்கொண்டிருப்பதும் ஊசிவாலுக்கு அடையாளம். நிலத்தில் இருக்கும்போது இரண்டையும் உறுதியாகப் பிரித்துச் சொல்வது தேர்ந்தவர்களுக்கும் கடினம் என்பதால், ஐயம் இருந்தால் குறிப்பேட்டில் உள்ளான் என்று மட்டும் எழுதுவதே நேர்மையான பதிவு.

சேற்றில் தெரியும் துளைகள் அது அலகை நட்டுப் புழுத் தேடிய தடங்கள். அலகின் நுனி உணர்ச்சி மிகுந்தது. மண்ணுக்குள் இருக்கும் இரையைக் கண்ணால் பார்க்காமலே தொட்டறிந்து எடுத்துவிடும். அந்த நொதநிலத்தைத் தயவுசெய்து அப்படியே விட்டு வையுங்கள். பூச்சிமருந்து தெளித்த பாத்திகளின் நீர் அதற்குள் வடியாதபடி ஒரு சிறு வரப்பு இருந்தால் இன்னும் நல்லது.

தோட்டப் பாடசாலை ஆசிரியை

இவ்வளவு விரிவான விளக்கங்களுக்கு மிக்க நன்றி. வங்காலை அண்ணாவின் அழைப்பையும் மறக்கமாட்டேன். இரண்டு ஐயங்கள் இருக்கின்றன. வடக்கு நாடுகளில் வசந்தம் நெருங்கும்போது பகல் நீளுவதைக் கொண்டு பறவைகள் காலத்தை அறிகின்றன என்று மாணவர்களுக்குக் கற்பித்தேன். ஒரு மாணவி எழுந்து, நம் ஊரில் பகல் நீளுவதே தெரியவில்லையே, இங்கிருக்கும் பறவைக்கு அது எப்படித் தெரியும் என்று கேட்டாள். இரண்டாவதாக, எங்கள் லயன்களின் தாழ்வாரத்திலும் தேயிலைத் தொழிற்சாலையின் கூரைக்கடியிலும் தகைவிலான்கள் மண்ணால் கூடு கட்டியிருக்கின்றன. தகைவிலான் வடக்கிலிருந்து வரும் பறவை என்றால் அது இங்கே கூடு கட்டுவது ஏன்?

பிதுருமலை அடிவாரம்

அந்த மாணவியின் கேள்வி மிக நல்ல கேள்வி. நாம் இருப்பது வட அகலாங்கு ஏறத்தாழ 7 பாகையில். ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் இடையேயான வேறுபாடு இங்கே ஒரு மணித்தியாலத்துக்கும் குறைவு. ஆனால் புலம்பெயர் பறவைகளுக்கு உடலுக்குள்ளேயே ஓராண்டுக் கடிகாரம் ஒன்று இயங்குகிறது. பகலும் இரவும் மாறாத நீளத்தில் வைத்து வளர்க்கப்பட்ட பறவைகளும் ஏறத்தாழ ஓராண்டுக்கு ஒருமுறை இறகுதிர்த்து, கொழுப்புச் சேர்த்து, புறப்படும் காலத்தில் இரவில் அமைதியின்றித் தத்தித் திரிந்ததை ஆய்வுகள் காட்டியுள்ளன. பகல் நீளத்தின் மாற்றம் அந்தக் கடிகாரத்தைச் சரிப்படுத்த உதவுகிறது. புறப்படுவதற்கு முந்தைய வாரங்களில் பறவை வழக்கத்தைவிட அதிகமாக உண்டு, தோலுக்கடியில் கொழுப்பைச் சேமித்துக்கொள்ளும்; அதுவே பயணத்துக்கான எரிபொருள். பெப்ரவரி கடைசியில் ஓடைக்கரையில் ஓர் ஈப்பிடிப்பான் ஓயாமல் கிளையிலிருந்து இறங்குவதும் ஏறுவதுமாக இருந்தால், அதற்குப் பின்னால் ஆயிரக்கணக்கான கிலோமீற்றர் பயணம் காத்திருக்கிறது என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

இரண்டாவது கேள்விக்கு விடை, உங்கள் லயன்களில் கூடு கட்டுவது வேறு இனம் என்பதே. அது மலைத் தகைவிலான்; தென்னிந்திய மலைகளிலும் நம் மலையகத்திலும் ஆண்டு முழுவதும் வாழ்வது. தொண்டை செம்பழுப்பு, வயிறு அழுக்குச் சாம்பல், வாலில் நீண்ட கம்பிகள் இல்லை. வடக்கிலிருந்து வரும் தகைவிலானுக்குத் தொண்டைக்குக் கீழே கருநீலப் பட்டை ஒன்று உண்டு, வயிறு வெளிறியது. அதன் வாலின் நீண்ட கம்பிகள் இங்கே தங்கியிருக்கும் காலத்தில் உதிர்ந்து, மார்ச்சுக்குள் மீண்டும் வளர்ந்துவிடும். இரண்டும் ஒரே மின்கம்பியில் அமர்ந்திருப்பதையும் பார்க்கலாம். பைனாகுலர் இல்லாத பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல பயிற்சி கிடையாது: கூட்டைக் கலைக்காமல், தாழ்வாரத்துக்குக் கீழே நின்று, மார்பில் பட்டை உண்டா இல்லையா என்று பார்த்தால் போதும்.

காசல்ரீ ஓரம்

நீர்த்தேக்கங்களில் கால் வைக்க இடமில்லை என்று வங்காலை நண்பர் எழுதியதற்கு ஒரு திருத்தம் சொல்ல விரும்புகிறேன். ஆண்டு முழுவதும் அப்படி இல்லை. பெப்ரவரி, மார்ச் மாதங்களில் மழை குறைந்து நீர் இறங்கும்போது காசல்ரீயிலும் மவுசாகலையிலும் அகன்ற சேற்றுக்கரை வெளிப்படுகிறது. வரட்சி நீடிக்கும் ஆண்டுகளில் மவுசாகலையில் மூழ்கிய பழைய மஸ்கெலியா நகரின் கோயில்கூட வெளியே தெரிவதை மலையகத்தில் அறியாதவர் இல்லை. அதைப் பார்க்க வரும் கூட்டத்தில் எவரும் அதே சேற்றின் ஓரத்தில் ஓடும் உள்ளான்களைத் திரும்பிப் பார்ப்பதில்லை என்பது எனக்கு உண்மையாகவே வருத்தம் தருகிறது. பறவைகள் புறப்படுவதற்கு முன் நன்றாக உண்ண வேண்டிய அதே வாரங்களில் இந்தக் கரை திறப்பது அவற்றுக்குப் பெரும் உதவி.

மூன்று உள்ளான்களைப் பிள்ளைகள் எளிதில் பிரித்தறியலாம். பின்புறத்தை இடைவிடாமல் மேலும் கீழும் ஆட்டிக்கொண்டு கல்லுக்குக் கல் தாவுவதும், மடக்கிய சிறகுக்கு முன்னால் வெள்ளை ஆப்பு ஒன்று மேலேறி நிற்பதும் சாதாரண உள்ளான். முதுகு கறுத்து, எழும்பும்போது வாலடி பளிச்சென்று வெண்மையாகத் தெரிவது பச்சை உள்ளான். முதுகில் வெண்புள்ளிகள் நிறைந்து, கால் நீண்டு, கண்ணுக்கு மேலே வெள்ளைக் கோடு நீளமாக ஓடுவது பொறி உள்ளான். ஆசிரியை அவர்களுக்குப் பக்கத்திலேயே மேல் கொத்மலை நீர்த்தேக்கம் இருக்கிறது. 2012இல் இயங்கத் தொடங்கிய அந்த 150 மெகாவாற் மின்நிலையத்தின் தேவைக்கேற்ப அங்கே நீர்மட்டம் அடிக்கடி மாறும். இறங்கியிருக்கும் வேளையில் பாதுகாப்பான தூரத்தில், வீதியோரத்தில் நின்றே பார்க்கலாம். சேற்றில் மட்டும் பிள்ளைகளை இறங்க விடாதீர்கள். மேலே காய்ந்ததுபோல் தெரிந்தாலும் உள்ளே புதையும். நீர் திடீரென்று உயரவும் கூடும்.

பிதுருமலை அடிவாரம்

காசல்ரீ நண்பர் சொன்னதோடு உடன்படுகிறேன். சாம்பல் வாலாட்டியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஓகஸ்ட் கடைசியிலேயே வரத் தொடங்கிவிடும் பறவை அது. பீலிக்கரையில் தண்ணீர் எடுக்கப் போகும் எவரும் பார்த்திருப்பார்கள். மார்ச்சில் ஆணின் தொண்டை கறுக்கத் தொடங்கும். மாதம் முழுவதும் ஒரே பீலிக்கரையைக் கவனித்தால், வெள்ளைத் தொண்டையில் கருமை படர்வதைப் பிள்ளைகளால் படிப்படியாகப் பதிவு செய்ய முடியும்.

ஒழுக்கம் பற்றியும் சொல்ல வேண்டும். அண்மையில் ஓடைக்கரைக்கு வந்த ஒரு குழுவினர் கைத்தொலைபேசியில் ஆறுமணிக்குருவியின் குரலை ஒலிபரப்பிக்கொண்டே இருந்தார்கள். அது போட்டிக்கு வேறொரு பறவை வந்துவிட்டதென்று எண்ணி, இரை தேடுவதை விட்டு அங்குமிங்கும் அலைந்தது. கொழுப்புச் சேர்க்க வேண்டிய வாரங்களில் இப்படி அலைக்கழிப்பது கொடுமை. ஒரு படத்துக்காக இதைச் செய்வதை எந்த வகையிலும் நியாயப்படுத்த முடியாது. மாணவர்களுக்கு முதல் நாளே சொல்லுங்கள்: குரல் ஒலிபரப்பக் கூடாது, பளிச்சொளி போடக் கூடாது, கல்லெறிந்து எழுப்பக் கூடாது. 1937ஆம் ஆண்டின் தாவர, விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் நம் நாட்டின் பெரும்பாலான பறவைகளுக்குப் பாதுகாப்பளிக்கிறது என்பதையும் அவர்கள் அறிந்திருக்க வேண்டும்.

ஏப்ரலுக்குத் தள்ளிப்போட வேண்டாம். நுவரெலியாவின் வசந்தகாலக் கொண்டாட்டம் தொடங்கிவிட்டால் வாவியில் இயந்திரப் படகுகளும் கரையில் கடைகளும் பெருகிவிடும். 1873இல் ஆளுநர் வில்லியம் கிரகரியின் காலத்தில் ஓடையை மறித்து உருவாக்கிய அந்த வாவிக்கு மக்கள் வருவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் நாணலும் புல்லும் வளர்ந்த கரையில் ஒரு பகுதியையாவது வெட்டாமல், விளக்குப் போடாமல் விட்டுவைத்தால் பறவைக்கும் மனிதருக்கும் இடம் இருக்கும். கரை முழுவதையும் கொங்கிரீட்டால் கட்டுவதை அழகுபடுத்தல் என்று சொல்வதை நான் ஏற்கவில்லை.

வங்காலைக் கரை

காசல்ரீ நண்பர் காட்டிய சேற்றுக்கரையை நான் கருத்தில் எடுக்கவில்லை. அந்த விளக்கம் பயனுள்ளதாக இருந்தது. இங்கிருந்து ஒரு வேண்டுகோள். தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே கடல் ஏறத்தாழ 30 கிலோமீற்றர்தான். திரும்பும் பறவைகளில் ஒரு பகுதி எங்கள் பக்கமாகக் கடலைக் கடக்கிறது. நமக்குத் தெற்கே அண்டார்டிக்கா வரை பெரிய நிலம் எதுவும் இல்லை என்பதால் வடக்கிலிருந்து பறவைகள் வந்துபோகும் மத்திய ஆசியப் பறப்புப் பாதையின் தெற்கு முனை நம் தீவு. முதலில் வந்த நாளைப் பலரும் உற்சாகமாக எழுதுகிறார்கள். கடைசியாகப் பார்த்த நாளை எழுதுபவர்கள் மிகக் குறைவு. வராத பறவையைத் தேடிப் போய் வெறுங்கையோடு திரும்புவதில் யாருக்கும் ஆர்வம் இல்லாததே காரணம். உங்கள் மாணவர்கள் ஒரே இடத்தை வாரந்தோறும் பார்த்து, காணவில்லை என்பதையும் எழுதினால், எங்கள் பதிவுகளோடு ஒப்பிட்டுப் பார்க்க அது பெரிதும் உதவும்.

தோட்டப் பாடசாலை ஆசிரியை

எங்கள் தீர்மானத்தைத் தெரிவிக்கிறேன். பெப்ரவரி நடுப்பகுதியிலிருந்து ஏப்ரல் நடுப்பகுதிவரை பாடசாலைக்குக் கீழே உள்ள பீலிக்கரையையும், மேல் கொத்மலை நீர்த்தேக்கத்தின் வீதியோரத்தையும் வாரம் ஒருமுறை பார்ப்போம். மார்ச் முதல் வாரத்தில் ஒரு நாள் கல்வேஸ்லேண்டுக்கும் விக்டோரியா பூங்காவுக்கும் செல்வோம். மாலை பஸ்ஸுக்குப் பதிலாகப் பெற்றோர் ஒருவர் வான் ஒழுங்கு செய்து தருவதாகக் கூறியிருப்பதால், பொழுது சாயும்வரை ஓடைக்கரையில் நிற்க முடியும். குறிப்பேட்டில் என்னென்ன எழுத வேண்டும்?

பிதுருமலை அடிவாரம்

திகதி, தொடங்கிய நேரம், முடித்த நேரம், நின்ற இடம், வானிலை, இனம், எண்ணிக்கை. பார்த்த நேர அளவு வாரத்துக்கு வாரம் மாறாமல் இருப்பது மிக முக்கியம். ஒரு வாரம் பத்து நிமிடமும் மறுவாரம் ஒரு மணித்தியாலமும் நின்றால் எண்ணிக்கையை ஒப்பிட முடியாது. தேடி வந்த இனம் இல்லையென்றால் அந்தக் கட்டத்தை வெறுமையாக விடாமல் பூச்சியம் என்று எழுதச் சொல்லுங்கள். பெப்ரவரி நடுவில் நான்கு நாட்கள் உலகெங்கும் நடக்கும் கொல்லைப்புறப் பறவைக் கணக்கெடுப்பில் குறைந்தது 15 நிமிடம் பார்த்து எண்ணினால் கலந்துகொள்ளலாம். உங்கள் முதல் வாரத்தை அதோடு பொருத்திக்கொள்ளுங்கள். பதிவுகளைப் பறவைப் பதிவுகளுக்கான ஈபேர்ட் (eBird) இணையத்தளத்தில் ஏற்றினால் வங்காலையில் இருப்பவரும் பார்க்கலாம்.

நுவரெலியாவுக்கு வரும் நாளில் கல்வேஸ்லேண்டைக் காலையில் முடித்துவிட்டு, பூங்காவுக்கு மாலை நான்கு மணியளவில் வாருங்கள். பிள்ளைகளை நான்கைந்து பேராகப் பிரித்து ஓடைக்கரையில் இடைவெளி விட்டு நிறுத்துங்கள். பைனாகுலர் இரண்டும் குழுவுக்குக் குழு மாறட்டும். மார்ச்சில் பிற்பகல் இடிமழை வரக்கூடும் என்பதால் குடையும், பொழுது சாய்ந்ததும் குளிரும் என்பதால் கம்பளிச் சட்டையும் ஒவ்வொருவரிடமும் இருக்க வேண்டும். நாளைக் குறித்ததும் இங்கே எழுதுங்கள். என்னிடம் உள்ள பைனாகுலரையும் எடுத்துக்கொண்டு வருகிறேன்.